தெருமுனை வரைக்கும் பேச்சு

என் மகளுக்கு மூன்று வயது நெருங்கியும் பேச்சு வரவில்லை. நான் அப்போது ஒன்றாம் வகுப்பு வாத்தியார். இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் காது மடல் சுடுகிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. வீடு செஞ்சியில், வேலை தொண்டூரில். காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு நல்ல பெயர். படத்தைக் காட்டிச் சொல் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பாடப்புத்தகத்தில் கப்பல் படம் இருக்கும். தொண்டூர்ப் பிள்ளைகளில் ஏரியைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்தவன் எவன்? அதனால் போகிற வழியில் கைக்குக் கிடைத்ததைப் பொறுக்கிக்கொண்டு போவேன். பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடி, தூக்கணாங்குருவியின் பழைய கூடு, அறுந்த மூக்கணாங்கயிறு. மேசைமேல் வைத்து, இது என்ன, எதற்கு ஆகும், தொட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளின் வாயைக் கிளறுவேன். ஒரே ஒரு செடியை வைத்துக்கொண்டு வேர், தண்டு, கணு, காம்பு, மொக்கு என்று காலை முழுவதும் ஓட்டிவிடுவேன். என் குரல் சாலை வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர், வாயே திறக்காத பிள்ளையைக்கூட இந்த வாத்தியாரிடம் விட்டால் பேசவைத்துவிடுவார் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். தலைமையாசிரியர் அதைக் கண்டவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். அன்றைக்கு வீடு திரும்பும் வழி முழுவதும் எனக்குள் ஏதோ குடைந்துகொண்டே இருந்தது. வாயே திறக்காத பிள்ளை ஒன்று என் வீட்டில்தான் இருந்தது.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா, நான், என் மனைவி, குழந்தை. நான் வாத்தியார் பயிற்சியில் இருந்தபோதே அம்மா போய்விட்டாள். நைனாவுக்கு இளைப்பு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருப்பார். அங்கே உட்கார்ந்தால் தெருவாசலும் தெரியும், சமையல்கட்டும் தெரியும், தோட்டத்துக் கதவும் தெரியும். அவர் கண்ணுக்குத் தப்பி வீட்டுக்குள் ஒரு பூனைகூடக் குறுக்கே போகமுடியாது.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெற்ற தகப்பன் முன்னால் ஒருவன் தன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சமாட்டான். அக்காள் பிள்ளையைக் கொஞ்சலாம். பங்காளி வீட்டுப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு தேர் பார்க்கலாம். தன் பிள்ளை தடுக்கி விழுந்து வீறிட்டு அழுதாலும், தகப்பனார் அங்கே உட்கார்ந்திருந்தால், இவன் தூணைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வேறு யாராவது வந்துதான் தூக்கவேண்டும். மீறினால், "பெரிய மனுசன் குந்தினு இருக்கான், இவன் தன் புள்ளைய மடியில போட்டுக் கொஞ்சினு இருக்கான் பாரு" என்று தெரு சிரிக்கும். யாரும் உட்காரவைத்து இதைச் சொல்லித்தருவதில்லை. ஆனால் எனக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

என் மனைவிக்கு வேறு கட்டுப்பாடு. மாமனார் காதில் அவள் குரல் விழக்கூடாது. சாப்பாடு ஆகிவிட்டது என்பதை மணையைப் போட்டு, சொம்பைச் சத்தம் வரும்படி வைத்துத் தெரிவிப்பாள். குழந்தையை அதட்டுவதென்றாலும் கண்ணை உருட்டுவாள். கொஞ்சுவதென்றாலும் காதோடு காதாகத்தான். நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவள் என்னை எதுவுமே சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் உரக்கக் கேட்கும் பேச்சு என்றால் நைனா என்னைக் கூப்பிடுகிற "டேய்" ஒன்றுதான்.

இந்த வீட்டில்தான் என் மகள் பேச்சுக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. "உம்" என்பாள், "தா" என்பாள், காக்காயைப் பார்த்தால் "க்கா" என்பாள். மற்றதெல்லாம் கைச் சாடைதான். அடுத்த வீட்டுப் பெண்கள் வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தோம். கோயில் மணியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். குழந்தை வசம்புக்கு முகத்தைச் சுளித்தாள், மணித் தண்ணீரை ஆசையாகக் குடித்தாள், பேசவில்லை. கிணற்றடியில் யாரோ "ஊமை" என்று சொன்னதாக என் மனைவி ஒருநாள் அழுதாள். அந்த அழுகைக்கும் சத்தம் கிடையாது.

கடைசியில் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்க, நான் சம்பந்தமில்லாதவன் மாதிரி இருபதடி தள்ளி வந்தேன். வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த லேடி டாக்டர். குழந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைத் தட்டிப் பார்த்தார். அவள் சட்டென்று திரும்பினாள். இன்னொரு பக்கம் தட்டினார், அந்தப் பக்கம் திரும்பினாள்.

"காது நல்லா இருக்கு. நாக்கும் நல்லா இருக்கு. என்னென்ன சொல்லுவா?"

என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் கதவருகே நின்ற என்னைக் காட்டி, "அது யாரு பாப்பா? கூப்பிடு பார்க்கலாம்" என்றார்.

என் மகள் என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. தெளிவாக, கணீரென்று கூப்பிட்டாள்:

"டேய்!"

வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மருந்து கலக்கிக்கொண்டிருந்த கம்பவுண்டரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"வீட்டில இவரை யார் அப்படிக் கூப்பிடறது?"

"எங்க நைனா" என்றேன்.

"இவகிட்ட யார் பேசறது?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

வாத்தியார் என்று சொன்னேன். எந்த வகுப்புக்கு என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாக நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

"மருந்தெல்லாம் ஒண்ணும் வேண்டாம். பேச்சு காதில விழுந்தாத்தானே வாயில வரும்? குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, தெருவில நடக்கும்போது, கண்ணில படறதை எல்லாம் பேரைச் சொல்லிப் பேசுங்க. உங்க வகுப்புல செய்யறதை வீட்டிலயும் செய்யுங்க, போதும்" என்றார்.

போதும் என்று அவர் லேசாகச் சொல்லிவிட்டார். மறுநாள் சாயங்காலம் தோட்டத்தில் கிணற்றங்கரையில் குழந்தையை நிறுத்திவைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "இது வாளி. வாளிக்குள்ள என்ன? தண்ணி. தண்ணி எப்படி இருக்குது? ஜில்லுனு இருக்குது." மூன்றாவது வாக்கியத்தில் கூடத்திலிருந்து ஒரு இருமல். இருமல்தான், வேறொன்றுமில்லை. இளைப்புக்காரர் இருமாமல் என்ன செய்வார்? பிறகு குரல் வந்தது.

"இன்னாடா அங்க சத்தம்?"

"ஒண்ணும் இல்ல நைனா" என்றேன். பிடித்திருந்த குழந்தையின் கையை விட்டுவிட்டேன். அவள் ஈரத் தரையில் வழுக்கி உட்கார்ந்தாள். நான் வாளியை எடுத்துக் கை கால் கழுவிக்கொள்ளத் தொடங்கினேன், அதற்காகவே வந்தவன்போல. முப்பதை நெருங்கும் ஆண்பிள்ளை, நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவன், ஒரு இருமலுக்குப் பயந்து பெற்ற பெண்ணை ஈரத்தில் விட்டேன்.

வீட்டில் முடியாது என்று ஆனதும் வெளியே கொண்டுபோவதென்று முடிவு செய்தேன். சைக்கிளின் முன் கம்பியில் துணி சுற்றி, என் மனைவி அடுத்த வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய குழந்தையை அதில் உட்காரவைத்தேன். நைனாவிடம் கடைத்தெருவுக்கு என்று சொல்லிவிட்டு அவளைக் கோட்டைக்கு ஓட்டிப்போனேன். கடைத்தெரு வழியாகப் போனால் டீக்கடையில் யாராவது, "இன்னா வாத்தியாரே, ஊட்ல பொம்பளைக்கு வேலை கொடுக்கறதில்லயா?" என்று கேட்டுவைப்பான். அதனால் சந்து வழியாகச் சுற்றித் திருவண்ணாமலை ரோட்டைப் பிடிப்பேன். கோட்டைக்குள் அந்த நாளில் ஆள் நடமாட்டம் குறைவு. விடுமுறை நாளில் பட்டணத்திலிருந்து யாராவது பஸ்ஸில் வந்து கல்யாண மகாலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மற்ற நாளில் ஆடுகளும் குரங்குகளும்தான்.

அங்கே எனக்கு வாய் வந்தது. களஞ்சியத்தின் பக்கத்துப் புல்வெளியில் அவளை இறக்கிவிட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் பெயர் சொன்னேன். கல். பெரிய கல். சூடான கல். ஆடு. ஆடு இலை தின்கிறது. சீத்தா மரம், சீத்தாக் காய், காய்க்கு மேலே கண்ணு கண்ணாக இருக்குது. பழத்தைப் பிட்டு வாயில் வைத்துத் தித்திப்பு என்றேன். கொட்டையைத் துப்பு என்றேன். அவள் "துப்பு" என்று சொல்லித் துப்பினாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. ஆடி மாதம் அது. பிறகு மடை திறந்த மாதிரிதான். ஆடு என்றாள், குரங்கு என்றாள், குரங்கு பேன் பார்க்குது என்றாள். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் அன்று முழுவதும் அதையே கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிப் பார்ப்பாள். "வழுவழு" என்று சொல்லிக்கொடுத்தேன். படிக்கட்டு வழுவழு, சைக்கிள் வழுவழு, என் தலை வழுவழு. எனக்கு முன்நெற்றி அப்போதே ஏற ஆரம்பித்திருந்தது. நான் தனியாகச் சிரித்தேன். என் வகுப்பில் எந்தப் பிள்ளை பேசியும் நான் அப்படிச் சிரித்ததில்லை.

ஆனால் அங்கேயும் என் புத்தி போகவில்லை. ஆடு மேய்க்கும் ஒரு பெண் அந்தப் பக்கம் அடிக்கடி வருவாள், நடுத்தர வயது, நீளமான நாக்கு. தூரத்தில் அவள் தலை தெரிந்ததுமே நான் பாதி வார்த்தையில் நிறுத்தி, உதட்டில் விரல் வைத்து, "உஸ்" என்பேன். எழுந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மதிலை ஆராய்ச்சி செய்பவன்போல நிற்பேன். கோட்டைக் காவல்காரர் வந்தாலும் உஸ். பஸ்ஸில் வந்த பட்டணத்துக்காரர்கள் தெரிந்தாலும் உஸ். குழந்தையும் டக்கென்று வாயை மூடிக்கொள்வாள். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அந்த ஆட்டுக்காரி என்னை ஏமாற்றிப் பின்பக்கமாக வந்துவிட்டாள். "ஆம்பள ஒருத்தன் புள்ளயத் தூக்கினு கோட்டைக்கு வர்றத இப்பத்தான் பாக்கறேன்" என்று எனக்கு ஒரு குத்து விட்டுவிட்டுக் குழந்தையிடம் குனிந்தாள். "யாரு கண்ணு இது?"

என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் நூற்றுக்கணக்கான சொற்களைச் சொல்லிக்கொடுத்திருந்தேன், இதை மட்டும் கொடுக்கவில்லை. நைனா என்பது எங்கள் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் பெயர். அதை எனக்கென்று எடுத்துக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. தினமும் நாளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று தள்ளிவைத்தேன்.

"வாத்தியாரு" என்றாள் என் மகள். தெருவில் எல்லாரும் என்னைக் கூப்பிடுவது அப்படித்தானே.

ஆட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

புரட்டாசி வாக்கில்தான் ஒரு விஷயம் உறைத்தது. கோட்டையிலிருந்து திரும்பும்போது வழி நெடுகப் பேசிக்கொண்டே வருவாள். எங்கள் தெருமுனையில் ஒரு பொதுக் கிணறு உண்டு. சைக்கிள் அந்தக் கிணற்றைத் தாண்டித் திரும்பியதும் பேச்சு நின்றுவிடும். களைப்பு என்று நினைத்தேன், பசி என்று நினைத்தேன். வீட்டுக்குள் பழையபடி "உம்", "தா", கைச் சாடை. தாகமென்றால் பானையைக் காட்டுவாள். அரைமணிக்கு முன்பு, "தண்ணி ஜில்லுனு வேணும்" என்று கேட்ட குழந்தை.

நான் மனைவியிடம் தோட்டத்துப் பக்கம் வைத்து ரகசியமாகச் சொன்னேன், அவள் பேசுகிறாள் என்று. அவள் நம்பவில்லை. குழந்தையைக் கையில் பிடித்து, "எங்க, என் கண்ணு, ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்று கிசுகிசுத்தாள். குழந்தை கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பெத்தவ நான். எனக்குன்னு ஒரு வார்த்தயாவது மிச்சம் வெச்சிருக்கக்கூடாதா?" என்று என் மனைவி கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு நாங்கள் திரும்பும் நேரம் பார்த்து அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கிணற்றுக்கு வருவாள். வீட்டுக் கிணற்றிலேயே தண்ணீர் நிறைய இருக்கும். கிணற்றுச் சுவரின் அந்தப் பக்கமாக நின்றுகொள்வாள், குழந்தையின் கண்ணில் படாமல். நான் சைக்கிளை மெதுவாக மிதித்து, "அப்புறம் அந்த ஆடு என்ன செஞ்சுது?" என்று பேச்சை இழுப்பேன். குழந்தை திருப்பம் வரும்வரை சொல்லுவாள். அந்தக் கொஞ்ச தூரத்துப் பேச்சுதான் என் மனைவிக்குக் கிடைத்தது. ஈரக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்த கோலம் இப்போதும் கண்ணில் நிற்கிறது, அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

ஒரு சாயங்காலம் நான்தான் அசதியில் திருப்பத்துக்குப் பிறகும் ஏதோ கேட்டுக்கொண்டே வந்துவிட்டேன். முன் கம்பியில் உட்கார்ந்திருந்த என் மகள் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். தன் உதட்டில் விரலை வைத்து, "உஸ்" என்றாள். எனக்குச் சைக்கிள் ஆடிப்போயிற்று. சொல்லோடு சேர்த்து நான் அவளுக்கு எதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. எங்கே பேசலாம், எங்கே பேசக்கூடாது, யார் முன்னால் தகப்பன் தகப்பனாக இருக்கமாட்டான் என்பதெல்லாம் அவளுக்குப் பாடமாகிவிட்டது.

அப்போதாவது நைனாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். உங்கள் பேத்தி பேசுகிறாள் என்று ஒரு வார்த்தை. ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பார். தினம் கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொஞ்சுகிறேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று, மார்கழியும் போயிற்று. நான் சொல்லவில்லை.

தை அமாவாசைக்கு முதல் நாள் நைனா என்னைக் கூப்பிட்டார்.

"டேய். நாளைக்கு மலையனூரு போறேன்."

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசையில் கூட்டம் சொல்லி மாளாது. ஸ்பெஷல் பஸ்ஸிலும் ஆள் தொங்கிக்கொண்டு போவான். தோட்டத்துக் கதவு வரை நடந்தாலே நெஞ்சு விசில் அடிக்கிற மனிதர் அவர்.

"இந்த உடம்ப வெச்சினு எப்படி நைனா?"

"போறேன்னு சொல்றேன்" என்றார். நான் அதற்குமேல் கேட்கவில்லை. எதற்குப் போகிறார் என்றுகூடக் கேட்கவில்லை. வெளிச்சம் வருமுன் அவர் கிளம்பிப் போனார். அமாவாசையை முன்னிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. நான் படுக்கையிலிருந்து எழுந்து வாசல் வரை போய் நின்றேன், அவ்வளவுதான் செய்தேன்.

பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பினார். பஸ் நிலையத்திலிருந்து எதிர்வீட்டுக்காரர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கட்டிலில் உட்காரவைத்தார். "கும்பல்ல நசுங்கிட்டாரு வாத்தியாரே. கூடப் போயிருக்கக்கூடாதா நீ?" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நைனாவின் வேட்டியெல்லாம் செம்மண். மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் கூடம் முழுக்கக் கேட்டது. கொஞ்சம் அடங்கியதும் மடியிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தார். குழந்தையைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவள் வந்து அவர் முழங்காலருகே நின்றாள். நெற்றியில் வைத்தார். பிறகு விரல் நுனியில் துளி எடுத்து அவள் நாக்கிலும் வைத்தார்.

"பேசும்மா" என்றார். "ஆத்தாகிட்ட வேண்டினு வந்திருக்கேன். தாத்தா சாவறதுக்குள்ள ஒரு வார்த்த பேசிடு."

நைனா அவ்வளவு நீளமாக, அவ்வளவு மெதுவாக யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தூணருகே நின்றிருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஏற்கெனவே கிடைத்துவிட்ட ஒன்றுக்காக அந்த மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மலையனூர் வரைக்கும் போய்வந்திருக்கிறார். அதை நான் ஆறு மாதமாக ஒளித்துவைத்திருந்தேன்.

"நைனா" என்றேன். "அவ பேசுறா."

"இன்னாது?"

"பேசுறா நைனா. நல்லாவே பேசுறா. வெளியில."

"எப்பலேருந்து?"

"ஆடியிலேருந்து."

அவர் என்னையே பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நம்பவில்லையோ என்று நினைத்தேன். அந்த அவசரத்தில், அவமானத்தில், என் வாழ்க்கையில் அதுவரை செய்யாததைச் செய்தேன். நைனாவின் கண்ணெதிரே குனிந்து என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். முகம் பற்றி எரிந்தது. வகுப்பில் பேசுகிற குரலிலேயே ஆரம்பித்தேன். "இது என்ன? தூண். தூண் எப்படி இருக்குது? வழுவழுன்னு இருக்குது. இது என்ன? விளக்கு. சொல்லு பாக்கலாம். விளக்கு!" என் சத்தம் ஓட்டுக்கூரையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. சமையல்கட்டு வாசலில் என் மனைவி வந்து நின்றது தெரிந்தது.

குழந்தை மிரண்டுபோய்க் கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தன் சின்ன உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். நான் பேச முயன்றேன். இரண்டாவது கையையும் வைத்து அழுத்திப் பொத்தினாள்.

நைனா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத யாரு கத்துக்குடுத்தா?"

நான் கை மூடிய வாயோடு நின்றேன். அவருக்குப் பதில் தேவைப்படவில்லை.

"பேசாதன்னு நான் எப்பனா சொன்னேனாடா?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். சொன்னதில்லை. ஒருநாளும் சொன்னதில்லை. இருமியிருக்கிறார். அங்கே என்ன சத்தம் என்று கேட்டிருக்கிறார். கேட்டதற்கு நான் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். ஒருவேளை என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாரோ என்னவோ. அந்த வீட்டில் தனியாக, மூச்சு முட்டிக்கொண்டு, சமையல்கட்டின் கிசுகிசுப்பையும் தோட்டத்தின் கிசுகிசுப்பையும் கேட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"கைய எடும்மா" என்று அவர் குழந்தையிடம் சொன்னார். "அவன் பேசட்டும் உடு. இந்த ஊட்டுல அவன் வாயத் தொறந்து எத்தினி காலமாச்சு."

அவள் கையை எடுத்தாள். எடுத்துவிட்டு என் வாயையே பார்த்தாள். நைனாவும் பார்த்தார். என் மனைவியும் பார்த்தாள். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அன்று அந்தக் கூடத்தில் என்னிடம் சொல்வதற்குப் பெயர் தெரிந்த பொருள் ஒன்றுகூட இல்லை. நான் உதட்டைத் திறந்தேன், மூடினேன்.

காத்திருந்து அலுத்துப்போய் என் மகள் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். கட்டிலுக்குப் போனாள். அவர் முழங்காலில் கை வைத்துக்கொண்டு, தெருவில் யார் யாரைப் பார்த்தாலும் கேட்பதைக் கேட்டாள். நான் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"சாப்டியா?"

நைனா அவள் தலையில் கை வைத்தார்.

"இல்லம்மா" என்றார். "இன்னும் சாப்டல."

விரதமாகப் போனவர், பொழுதோடு திரும்பியவர். வந்து உட்கார்ந்ததிலிருந்து நான் அவர் எதிரேதான் நின்றுகொண்டிருந்தேன்.